திஸ்கியும் கூப்பிட்டால் வரும் நூலகமும்

மதுரை என்ற பெயரில் இரண்டு உண்டு. ஒன்று வைகைக் கரையில் இருப்பது. அது எல்லோருக்கும் தெரியும். இன்னொன்று இணையத்தில் இருப்பது. 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கிய 'மதுரைத் திட்டம்'தான் அது. பழைய தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, பிழை திருத்தி, எங்கிருப்பவரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளும்படி மின்பதிப்பாக வெளியிடுவது இதன் வேலை. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரமும், அமெரிக்காவின் வர்ஜீனியாவில் இருந்த முனைவர் குமார் மல்லிகார்ஜுனனும் முன்னின்று நடத்தினார்கள். தட்டச்சு செய்தவர்களும் மெய்ப்பு பார்த்தவர்களும் பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள். சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்த ஊர் என்பதால் மதுரையின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

இதற்கு ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன், 1901ல், நிஜ மதுரையில் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவினார். மதுரைக்குச் சொற்பொழிவாற்ற வந்தபோது கம்பராமாயணமும் திருக்குறளும் கேட்டாராம். அவ்வளவு பெரிய ஊரில் கிடைக்கவில்லையாம். அந்த வருத்தம்தான் சங்கத்துக்கு வித்து என்று சொல்வது வழக்கம். அதனால்தானோ என்னவோ சங்கத்தோடு ஒரு நூலகமும் வந்தது. இணைய மதுரையின் முதல் மின்பதிப்பும் திருக்குறள்தான்!

நூல் உலகத்தில் எங்கோ இருந்தால் போதாது. கேட்கிற நேரத்தில் கைக்கு வர வேண்டும். சி மொழியில் நிரல் எழுதுகிறவர்களுக்கும் இதே பிரச்சினை உண்டு. அவர்களும் 'நூலகம்' என்ற சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். மதுரைத் திட்டத்தின் பழைய கோப்புகளை லினக்ஸ் கணினிகள் படிக்கக் கற்றுக்கொண்டது அப்படி ஒரு சின்ன நூலகத்தால்தான். அதுவும் நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டு ஏற்றிக்கொள்ளும் நூலகம். அந்தக் கதையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கல்யாண வீட்டு அண்டா

சி மொழி படிக்கும் மாணவர் முதல் நாளே 'பிரிண்ட்எஃப்' பயன்படுத்துகிறார். அந்தச் செயற்கூற்றை அவர் எழுதவில்லை. யாரோ எழுதி நூலகத்தில் வைத்திருக்கிறார்கள். அது அவருடைய நிரலுக்குள் எப்படி வருகிறது? மூன்று வழிகள் உண்டு.

மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் கல்யாணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்நூறு பேருக்குச் சமைக்கப் பெரிய அண்டாவும் குண்டாவும் வேண்டும். வீட்டுக்கு வீடு அண்டா வாங்கி வைத்துக்கொள்வது முதல் வழி. அவசரத்துக்கு உதவும், ஆனால் இடம் அடைக்கும். அண்டாவில் ஓட்டை விழுந்தால் வீடு வீடாகப் போய் அடைக்க வேண்டும். இதுதான் நிலையான இணைப்பு. நூலகத்தின் நகல் ஒவ்வொரு நிரலுக்குள்ளும் ஒட்டிக்கொண்டே வரும்.

இரண்டாவது வழி, வாடகைப் பாத்திரக் கடையில் முன்கூட்டியே பட்டியல் கொடுத்து வைப்பது. விடிந்ததும் வண்டியில் வந்து இறங்கிவிடும். பட்டியலில் ஒன்று குறைந்தாலும் அடுப்பு பற்றவைக்க முடியாது. இது பகிர்வு நூலகம். நிரல் கிளம்பும்போதே, தனக்கு வேண்டியதையெல்லாம் இயங்குதளம் நினைவகத்தில் கொண்டுவந்து வைக்கும். ஒரே நகலைப் பல நிரல்கள் பங்கு போட்டுக்கொள்ளும்.

மூன்றாவதுதான் நம் கதைக்கு வேண்டியது. பந்தி நடந்துகொண்டிருக்கிறது. எதிர்பாராத கூட்டம். "தம்பி, ஓடிப் போய் இன்னொரு அண்டா எடுத்துட்டு வா" என்று ஒரு பையனைக் கடைக்கு விரட்டுகிறார்கள். என்ன தேவை என்று காலையில் யாருக்கும் தெரியாது. தேவை வந்த பிறகுதான் ஆள் போகிறது. வேலை முடிந்ததும் பாத்திரம் கடைக்குத் திரும்பிவிடும்.

சி மொழியில் அந்தப் பையனின் பெயர் 'டிஎல்ஓப்பன்'. நூலகக் கோப்பின் பெயரைச் சொன்னால் நினைவகத்தில் ஏற்றி ஒரு கைப்பிடியைத் தரும். அந்தக் கைப்பிடியோடு ஒரு செயற்கூற்றின் பெயரை 'டிஎல்சிம்'மிடம் கொடுத்தால், அது இருக்கும் முகவரி கிடைக்கும். பிறகு சாதாரணமாகக் கூப்பிட்டு வேலை வாங்கலாம். முடிந்ததும் 'டிஎல்குளோஸ்'. கோப்பு கிடைக்காவிட்டாலும் நிரல் செத்துப் போகாது. "கிடைக்கவில்லை" என்ற பதில் வரும், அவ்வளவுதான். அந்தப் பதிலைச் சரி பார்ப்பது நிரல் எழுதியவரின் பொறுப்பு.

எங்கிருந்து வந்தது?

நூலகத்தைத் தேவைப்படும்போது இணைக்கும் எண்ணம் பழையது. 1960களில் அமெரிக்காவில் உருவான மல்டிக்ஸ் இயங்குதளத்தில், ஒரு செயற்கூற்றை முதன்முறை கூப்பிடும்போதுதான் அதைத் தேடி இணைப்பார்கள். அதற்குப் பின்னால் வந்த யூனிக்ஸ், எளிமைக்காக இதை விட்டுவிட்டது. நெடுநாள் யூனிக்ஸில் வீட்டுக்கு வீடு அண்டாதான்!

1980களில் வரைகலைத் திரைகள் வந்தன. சன்னல்கள் வரையும் நூலகங்கள் பெரிதாயின. ஒவ்வொரு நிரலிலும் அவற்றின் நகலை ஒட்டினால் வட்டும் நினைவகமும் தாங்கவில்லை. சன் நிறுவனம் 1988ல் வெளியிட்ட சன்ஓஎஸ் 4 பகிர்வு நூலகங்களைக் கொண்டுவந்தது. டிஎல்ஓப்பன் குடும்பமும் சன்ஓஎஸ்ஸில் இருந்து வந்ததுதான். பின்னர் மற்ற யூனிக்ஸ்களும் எடுத்துக்கொண்டன. 2001ல் அது பாசிக்ஸ் தரத்தில் இடம்பெற்றது. விண்டோஸில் இதே வேலையை 'லோட்லைப்ரரி' செய்கிறது.

லினக்ஸ் ஆரம்பத்தில் திண்டாடியது. அதன் பழைய கோப்பு வடிவில் ஒவ்வொரு பகிர்வு நூலகத்துக்கும் நினைவகத்தில் ஒரு நிலையான முகவரியை முன்கூட்டியே ஒதுக்க வேண்டும். இரண்டு நூலகங்கள் ஒரே இடத்துக்குச் சண்டை போடக்கூடாது என்பதால் யாராவது உட்கார்ந்து பட்டா எழுதிக்கொண்டிருக்க வேண்டும். புதிதாக ஒன்றை யாரும் தன்னிஷ்டத்துக்குச் சேர்த்துவிட முடியாது. 1995 வாக்கில் 'எல்ஃப்' என்ற கோப்பு வடிவுக்கு மாறியதும் தொல்லை தீர்ந்தது. நூலகம் எங்கே இடம் இருக்கிறதோ அங்கே உட்கார்ந்துகொள்ளும்.

இந்த மாற்றம் தமிழுக்கும் ஒரு வாசலைத் திறந்தது. எப்படி என்று புரிய, அந்த நாளைய தமிழ்க் கணினி நிலவரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

திஸ்கி வந்த கதை

1990களின் நடுவில் இணையத்தில் தமிழ் படிப்பது பெரும்பாடு. ஒவ்வொரு தளத்துக்கும் ஒவ்வொரு எழுத்துரு. ஒருவர் 'அ'வுக்கு வைத்த எண் இன்னொருவருக்கு 'ழ'. எழுத்துருவை நிறுவாமல் திறந்தால் திரை முழுக்க ஐரோப்பிய எழுத்துகளின் கிறுக்கல்தான்.

யூனிகோடு அப்போதே இருந்தது. 1991ல் வந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் அந்நாளைய இயங்குதளங்களில் அதைத் திரையில் சரியாகக் காட்ட வழியில்லை. அதனால் மின்னஞ்சல் குழுக்களில் கூடிய தமிழர்கள், அப்போதைய கணினிகளிலேயே வேலை செய்யும் ஒரு பொதுத் தரத்தை வகுத்தார்கள். பல நாட்டுத் தமிழர்கள் மாதக்கணக்கில் வாதாடி உருவாக்கியது அது. டிஎஸ்சிஐஐ என்று பெயர். வலைப்பதிவர் வாயில் அது 'திஸ்கி' ஆனது. கல்யாணசுந்தரம் இதிலும் முக்கியப் பங்காற்றினார். மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகள் திஸ்கிக்கு மாறின.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்று வேறு இரண்டு குறிமுறைகளைத் தேர்ந்தெடுத்தது. ஆக, ஒரே தமிழுக்கு மறுபடியும் பல குறிமுறைகள்! 2003, 2004ல் வலைப்பதிய வந்தவர்களுக்குச் சுரதாவின் 'பொங்குதமிழ்' மாற்றி நினைவிருக்கலாம். திஸ்கியை ஒரு பெட்டியில் ஒட்டினால் இன்னொரு பெட்டியில் யூனிகோடு வரும். 2010ல் தமிழக அரசும் யூனிகோடைத் தரமாக ஏற்றது.

மாற்றுவது ஏன் கடினம்?

திஸ்கியில் 0 முதல் 127 வரை வழக்கமான ஆங்கில எழுத்துகள். 128க்கு மேல் தமிழ். 'எண்ணுக்கு எண் மாற்றினால் போச்சு, ஓர் அட்டவணை போதுமே' என்று தோன்றும். போதாது.

திஸ்கி, கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைக்கிறது. 'கொ' என்பதைக் கையால் எழுதும்போது முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, கடைசியில் கால். திஸ்கியிலும் அப்படியே 166, 184, 161 என்று மூன்று எண்கள். யூனிகோடோ ஒலிப்பு வரிசையைப் பின்பற்றுகிறது. முதலில் க, அடுத்து ஒகரக் குறி. ஆக இரண்டே எண்கள். 'கு' போன்றவை திஸ்கியில் ஒரே எண். யூனிகோடில் இரண்டு.

எனவே மாற்றும் நிரல் கொம்பைப் பார்த்தவுடன் எதையும் எழுதிவிடக்கூடாது. கையில் வைத்துக்கொண்டு அடுத்த மெய்க்குக் காத்திருக்க வேண்டும். மெய் வந்த பிறகும், பின்னால் கால் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் 'கொ', வராவிட்டால் 'கெ'. நடுவில் கோப்பின் ஒரு துண்டு முடிந்துபோனால், வைத்திருந்ததை மறக்காமல் அடுத்த துண்டுக்குக் கொண்டுபோக வேண்டும். இவ்வளவு தமிழ் இலக்கணத்தை ஒவ்வொரு தொகுப்பியிலும் ஒவ்வொரு மின்னஞ்சல் நிரலிலும் யார் எழுதுவது?

ஓர் அடைவுக்குள் உலக மொழிகள்

இதற்கு விடை ஜிலிப்சியில் இருந்தது. ஜிலிப்சி என்பது குனு திட்டத்தின் சி நூலகம். பெரும்பாலான லினக்ஸ் வழங்கல்களில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் இதன் மேல்தான் நிற்கின்றன. 1999ல் வந்த அதன் 2.1 பதிப்பில் 'ஜிகான்வ்' என்ற அமைப்பு சேர்ந்தது. உல்ரிக் டிரெப்பர் முன்னின்று செய்த வேலை. எழுத்துக் குறிமுறை மாற்றத்துக்கான 'ஐகான்வ்' செயற்கூறுகளுக்குப் பின்னால் இருந்து உழைப்பது இதுதான்.

ஜிகான்வ் எந்தக் குறிமுறையையும் நேராக இன்னொன்றுக்கு மாற்ற முயலவில்லை. எல்லாவற்றையும் முதலில் யூனிகோடு எண்களாக்கி, அங்கிருந்து வேண்டிய குறிமுறைக்கு மாற்றும். நூறு குறிமுறைகள் இருந்தால் ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற தொண்ணூற்று ஒன்பதுக்கும் தனித்தனி வழி போட வேண்டாம். ஒவ்வொன்றும் யூனிகோடுக்குப் போகவும் வரவும் கற்றால் போதும்.

அந்த நூறையும் ஜிலிப்சிக்குள்ளேயே ஒட்டியிருந்தால்? ஆங்கிலம் மட்டுமே படிக்கும் நிரலும் எல்லாவற்றையும் சுமக்க வேண்டியிருக்கும். அதனால் பெரும்பாலான குறிமுறைகளைத் தனித்தனிப் பகிர்வு நூலகக் கோப்பாக்கி ஓர் அடைவில் போட்டார்கள். எந்தப் பெயருக்கு எந்தக் கோப்பு என்று சொல்ல ஒரு பட்டியல் கோப்பு. ஒரு நிரல் 'ஐகான்வ்_ஓப்பன்' என்று கூப்பிட்டு, திஸ்கியிலிருந்து யுடிஎஃப்-8க்கு மாற்ற வேண்டும் என்று சொன்னால், ஜிலிப்சி பட்டியலைப் பார்க்கும். உரிய கோப்பை டிஎல்ஓப்பன் முறையில் ஏற்றும். அதற்குள் 'ஜிகான்வ்', 'ஜிகான்வ்_இனிட்', 'ஜிகான்வ்_எண்ட்' என்ற மூன்று பெயர்களைத் தேடும். ஒன்று மாற்றுவதற்கு, ஒன்று தொடங்குவதற்கு, ஒன்று முடிப்பதற்கு. வேலை முடிந்ததும் கோப்பை உடனே இறக்கிவிடாது. மறுபடி கேட்டால் என்ன செய்வது என்று கொஞ்ச நேரம் வைத்திருக்கும். பந்தி முடியும் வரை அண்டாவைத் திருப்பி அனுப்பாத கதைதான்.

2002ல் இந்த அடைவுக்குள் திஸ்கிக்கான கோப்பும் சேர்ந்தது. எழுதியவர் புரூனோ ஹைபிள் என்ற செருமானிய நிரலாளர். எழுத்துக் குறிமுறைகளில் ஊறியவர். குனு திட்டத்தின் 'லிப்ஐகான்வ்' நூலகமும் அவருடையதே. கொம்பைக் கையில் வைத்துக்கொண்டு மெய்க்குக் காத்திருக்கும் அந்த வேலையெல்லாம் இந்த ஒரே கோப்புக்குள் அடங்கியது.

இதன் விளைவைக் கவனியுங்கள். ஐகான்வ் பயன்படுத்தும் எந்த நிரலையும் யாரும் திருத்தவில்லை, மறுபடி தொகுக்கவில்லை. ஆனாலும் அந்த ஜிலிப்சி நிறுவப்பட்ட கணினியில் விம் தொகுப்பி திஸ்கி கோப்பைத் திறந்தது. 'ஐகான்வ்' கட்டளைக்கு மூலம் திஸ்கி, இலக்கு யுடிஎஃப்-8 என்று சொன்னால் மதுரைத் திட்டத்தின் பழைய திருக்குறள் கோப்பு யூனிகோடாக வந்து விழுந்தது. நிரல் எழுதப்பட்டபோது அதற்குத் தெரியாத ஒரு மொழியின் கோப்பை, ஓடும்போது அதனால் படிக்க முடிந்தது! ஓடும்போது நூலகம் ஏற்றுவதன் பயனை இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது.

திறந்த வாசலில் திருடன்

ஆனால் இதற்கு ஒரு விலையும் உண்டு. கடைக்குப் போன பையன் எந்தக் கடைக்குப் போனான் என்று யார் பார்த்தது?

ஜிகான்வ் தன் கோப்புகளை எந்த அடைவில் தேட வேண்டும் என்பதை 'ஜிகான்வ்_பாத்' என்ற சூழல் மாறியால் மாற்றலாம். சோதனை செய்பவர்களுக்கு வசதி. ஆனால் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடும் நிரலுக்கு ஒரு சாதாரணப் பயனர் இந்த மாறியைக் கொடுத்தால், அவர் தயாரித்த நூலகம் நிர்வாகி அதிகாரத்தோடு ஓடிவிடும். இது தெரிந்துதான் அப்படிப்பட்ட நிரல்கள் கிளம்பும்போதே அந்த மாறியை ஜிலிப்சி தூக்கி எறிந்துவிடுகிறது.

எறிந்ததை மீண்டும் உள்ளே கொண்டுவந்தால்? அதுதான் 2022 ஜனவரியில் வெளியான 'ப்வன்கிட்' ஓட்டை. குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பல லினக்ஸ் வழங்கல்களில் வந்துகொண்டிருந்த 'பிகேஎக்ஸெக்' என்ற நிரலில் ஒரு பிழை. தனக்கு உள்ளீடே எதுவும் தரப்படாமல் கிளம்பினால், பக்கத்தில் இருக்கும் சூழல் மாறிகளை உள்ளீடு என்று எண்ணிப் படித்து, அதிலேயே எழுதியும் வைத்தது. அந்த வழியாக, எறியப்பட்ட ஜிகான்வ்_பாத் மறுபடி உள்ளே நுழைந்தது. பிறகு அந்த நிரல் ஒரு பிழைச் செய்தியை அச்சிட முயலும். செய்தியின் குறிமுறையை மாற்ற ஐகான்வ் கூப்பிடப்படும். ஐகான்வ் தாக்குபவரின் நூலகத்தை நல்ல பிள்ளையாக ஏற்றிக்கொள்ளும். கணினி அவர் கையில்!

இந்தப் பிழை 2009லிருந்தே இருந்தது. 12 ஆண்டுகளுக்கு மேல் திருத்தப்படாமல் கிடந்தது. தவறு ஐகான்வுடையது அல்ல. ஆனால் உலக மொழிகளுக்காகத் திறந்து வைத்த வாசல்தான் வழியாகப் பயன்பட்டது.

2024ல் இன்னொன்று. சீன மொழிக்கான ஒரு குறிமுறையின் ஜிகான்வ் கோப்பிலேயே, ஒதுக்கிய இடத்தைத் தாண்டி எழுதும் பிழை வெளிப்பட்டது. அன்றாடம் யாரும் தொடாத குறிமுறை. ஆனால் வெளியாள் பெயரைச் சொல்லிக் கேட்டால் ஏறிவிடும். திருத்தம் வரும் வரை தற்காலிகமாக என்ன செய்யலாம் என்பதற்குக் கிடைத்த யோசனை, பட்டியலில் அந்தக் குறிமுறையின் வரிகளை எடுத்துவிடுங்கள் என்பது. எந்த நிரலையும் தொடாமல் சேர்த்தது போலவே, எந்த நிரலையும் தொடாமல் நீக்கவும் முடிந்தது.

ஓரத்துக்குப் போன கோப்பு

பாதுகாப்புக் கவலையும் இடச் சிக்கனமும் சேர்ந்தால் அரிதான கோப்புகள் ஓரங்கட்டப்படும். 2021ல் வந்த ஜிலிப்சி 2.34 தன் பட்டியலை இரண்டாகப் பிரித்தது. அடிக்கடி வேண்டியவை ஒரு பக்கம், மற்றவை 'எக்ஸ்ட்ரா' என்ற பெயரில் இன்னொரு பக்கம். ரெட் ஹாட் 9 போன்ற வழங்கல்களில் இந்த 'எக்ஸ்ட்ரா' கோப்புகள் தனிப் பொதியாகவே வருகின்றன. திஸ்கி இருப்பது அந்தப் பொதியில்தான். நிறுவாத கணினியில் ஐகான்வைக் கேட்டால், அப்படி ஒரு மாற்றத்துக்கு ஆதரவில்லை என்ற பதில்தான் வரும்.

இதைத் தமிழுக்கு எதிரான சதி என்று கொடி பிடிக்க வேண்டாம். முடிவு நியாயமானதே. லட்சக்கணக்கான வழங்கிக் கணினிகளில் திஸ்கி தேவையில்லை. மதுரைத் திட்டமும் எப்போதோ யூனிகோடுக்கு மாறிவிட்டது. இன்று அங்கே திருக்குறளைக் கைப்பேசியிலேயே படிக்கலாம்.

ஆனால் அந்தப் பத்தாண்டில் திஸ்கியில் எழுதப்பட்டது மதுரைத் திட்டத்தின் நூல்கள் மட்டும் அல்ல. மடலாடற்குழுக்களின் விவாதங்கள், முதல் தலைமுறை வலைத்தளங்கள், வெளிநாட்டில் இருந்து வீட்டுக்கு எழுதிய மின்னஞ்சல்கள், யாரோ ஒரு குறுவட்டில் எழுதி அலமாரியில் போட்ட கவிதைகள்... இவற்றையெல்லாம் மாற்றி வைக்க எந்தத் திட்டமும் கிடையாது. அப்படி ஒரு குறுவட்டு கையில் கிடைத்துத் திறந்தால் திரையில் அதே பழைய கிறுக்கல்தான் வரும். அது தமிழ் என்று தெரிய வேண்டும். திஸ்கி என்ற பெயர் தெரிய வேண்டும். அந்தக் கோப்பு எந்தப் பொதியில் இருக்கிறது என்பதும் தெரிய வேண்டும். இதில் ஒன்று தெரியாவிட்டாலும் குறுவட்டு குப்பைக்குப் போய்விடும்.

ஓடும்போது ஏற்றும் நூலகத்தின் பலமும் பலவீனமும் ஒன்றுதான். நிரலுக்கு அதைப் பற்றி முன்கூட்டியே எதுவும் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் யாரையும் கேட்காமல் தமிழ் உள்ளே வர முடிந்தது. அதனால்தான், ஒருநாள் அந்தக் கோப்பு அங்கே இல்லாமல் போனாலும் எந்த நிரலும் குறை சொல்லப் போவதில்லை. யாராவது பெயர் சொல்லிக் கேட்கும்போதுதான் இல்லை என்பதே தெரியவரும். மதுரையில் திருக்குறள் கிடைக்கவில்லை என்பதும் பாண்டித்துரைத் தேவர் கேட்ட பிறகுதானே தெரிந்தது!

பழைய கணினியோ குறுவட்டோ வைத்திருப்பவர்கள் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். கிறுக்கலாகத் தெரியும் கோப்பு எதுவும் இருந்தால் அழித்துவிடாதீர்கள். ஐகான்வுக்கு ஒரே ஒரு வரி கட்டளை போதும். அந்தக் கோப்பு அடைவில் இருக்கும்போதே மாற்றி வைத்துவிடுவது நல்லது.